பதினேழாம் எண் வீட்டு வாரிசு

வம்சம் தோண்டி என்றொரு பிராணி இருக்கிறது. பயப்பட வேண்டாம், கடிக்காது. ஆனால் உங்கள் சட்டைப் பொத்தானைப் பிடித்ததென்றால் விடாது. உங்கள் தெருவில் ஒன்று இருக்கும். வேலை செய்யும் இடத்தில் ஒன்று இருக்கும். பெண்டாட்டி வழிச் சொந்தத்தில் கட்டாயம் ஒன்று இருக்கும். கண்டுபிடிப்பது சுலபம். சாதாரண மனிதனிடம் சௌக்கியமா என்று கேட்டால் சௌக்கியம் என்பான், நீங்களும் உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டு போகலாம். இந்தப் பிராணியிடம் கேட்டால், தன் கொள்ளுத் தாத்தாவுக்கு எந்த வருஷம் எந்த மாதம் விஷக்காய்ச்சல் வந்தது, எந்த டாக்டர் வந்து பார்த்தார், அந்த டாக்டர் வீட்டு மாடிக்கு எத்தனை படி என்பது வரைக்கும் சொல்லி முடித்துவிட்டு, "இருங்க, முக்கியமானதை விட்டுட்டேன்" என்று மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். உங்கள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸும் போய்விடும்.

வேறு அடையாளங்களும் உண்டு. ஆள்காட்டி விரல் நுனி எப்போதும் கறுப்பாக இருக்கும். பழைய பத்திரிகையின் மை. நிமிஷத்துக்கு ஒரு தும்மல். பழைய பத்திரிகையின் தூசி. சட்டைப் பையில் பூதக்கண்ணாடி. செத்து அறுபது வருஷமான ஆளைப் பற்றி, "இப்பதான் ஆபீஸ் திறந்திருக்காரு, இன்னும் கல்யாணம் ஆகல" என்று நேற்றுப் பார்த்துப் பேசியவர் மாதிரிச் சொல்லும். உயிரோடு இருக்கிற சொந்த மச்சான் எதிரே வந்து நின்றால் யாரென்று யோசிக்கும். கொள்ளுத் தாத்தாவின் கல்யாணத் தேதி தலைகீழாகத் தெரியும். தன் கல்யாண நாளைப் பெண்டாட்டிதான் ஞாபகப்படுத்த வேண்டும், அதுவும் இரண்டு நாள் பேசாமல் இருந்து.

எவ்வளவு ஆழம் தோண்டினாலும் இந்தப் பிராணிக்கு அகப்படுவது ஒரு நீதிபதி, அல்லது ஒரு கப்பல் தலைவன், குறைந்தபட்சம் ஒரு பெரிய டாக்டர். தெருக் கூட்டியவன், மூட்டை தூக்கியவன், கோழி திருடி மாட்டிக்கொண்டவன், இவர்களெல்லாம் அந்தக் காலத்தில் இருந்தார்களா இல்லையா? இருந்தார்கள். பாவம், ஒருவருக்கும் பிள்ளை குட்டி இல்லை போலிருக்கிறது.

இந்த இனத்தின் குணம் முழுக்கத் தெரிய வேண்டுமானால் ஒரே ஒருவரைப் பார்த்தால் போதும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். ஒரே ஒரு கார், அதன் தலையில் ஒரு சிவப்புப் பலகை, வாத்தியார் காலடியில் தனியாக ஒரு பிரேக். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். லைசென்ஸ் ஆபீசையும் பழைய பதிவேடுகள் வைத்திருக்கும் ஆவண அறையையும் ஒரே காம்பவுண்டில் கட்டியது யார் செய்த பாவமோ தெரியவில்லை. ஒருநாள் மாணவர்களுக்கு டெஸ்ட் நடந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. வாத்தியார் ஆவண அறைக்குள் ஒதுங்கினார். சும்மா நிற்கக் கூடாதே என்று தன் தாத்தா பிறந்த வருஷத்துப் பிறப்புப் பதிவேட்டைக் கேட்டார். அங்கிருந்த குமாஸ்தாவும் சும்மா இருக்கக் கூடாதே என்று எடுத்துக் கொடுத்தார். தாத்தாவின் வரி இருந்தது. பெயர் இருந்தது, தேதி இருந்தது, பிறந்த இடம் என்று ஒரு தெருவும் எண் 17 என்று கதவிலக்கமும் இருந்தது. தகப்பன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு ஓட்டை. கரையான்.

பாருங்கள், அந்தக் கரையான் அரை அங்குலம் தள்ளித் தின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எண் 17 யார் வீடு? வாத்தியார் நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளின் கட்டுகளைப் புரட்டினார். மூன்றாம் நாள் ஒரு விளம்பரம் அகப்பட்டது. அதே தெரு, அதே எண், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில்: பங்குத் தரகர். நம்பிக்கை, நாணயம், நேரம் தவறாமை. வாத்தியாருக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாகத் தன் பரம்பரையில் சொல்லிக்கொள்ளும்படி யாரும் இல்லை என்று தலை குனிந்திருந்த மனிதருக்கு, டையும் கோட்டும் போட்ட ஒரு கொள்ளுத் தாத்தா கிடைத்தால் எப்படி இருக்கும்? அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் வாசலிலேயே நின்று, "நாம யாருன்னு தெரியுமா?" என்றார். பருப்புப் புடைத்துக்கொண்டிருந்த மனைவி, தெரியாமல்தான் இருபத்தாறு வருஷமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருப்பதாகச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் தரகரின் வாழ்க்கை துண்டு துண்டாகப் பத்திரிகைகளிலிருந்து வெளியே வந்தது. விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியதற்காகக் கோர்ட்டில் அபராதம் கட்டியிருந்தார். "அந்தக் காலத்துல எவன்கிட்ட சைக்கிள் இருந்துச்சு?" என்றார் வாத்தியார். தன் தெரு நாய்கள் இரவில் குரைப்பதைக் கண்டித்து ஆசிரியருக்கு ஏழு கடிதம் எழுதியிருந்தார். "எழுத்தாளர்" என்றார் வாத்தியார். மலர்க் கண்காட்சியில் ரோஜாவுக்கு இரண்டாம் பரிசு வாங்கியிருந்தார். கலந்துகொண்டவர்கள் இரண்டே பேர் என்று அதே செய்தியின் கடைசி வரியில் இருந்தது. அந்த வரியை மடித்துவிட்டுத்தான் வாத்தியார் நகல் எடுத்தார். ஒரு வெள்ளிச் சுரங்கக் கம்பெனியின் பங்குகளை ஊர் முழுக்க விற்றிருந்தார். ஆபீஸ் இருந்தது, அச்சடித்த பத்திரம் இருந்தது, சுரங்கத்தின் வண்ணப் படம்கூட இருந்தது. சுரங்கம் மட்டும் இல்லை. தரகர் மூன்று மாதம் ஊரில் இல்லாமல் போனார். "தொலைநோக்கு உள்ளவர்" என்றார் வாத்தியார்.

எல்லாவற்றையும் விடப் பெரிய புதையல் ஒரு சின்ன விளம்பரத்தில் இருந்தது. தரகருக்கு மூன்று மகன்கள். மூத்தவர் சாமியாராகப் போய்விட்டார். இரண்டாவது மகன் காணாமல் போய்விட்டார். 'கோபித்துக்கொண்டு போன இரண்டாவது மகனுக்கு: அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறாள். உடனே திரும்பி வரவும். யாரும் திட்ட மாட்டோம்' என்று நான்கு வாரம் விளம்பரம் வந்திருந்தது. வம்சம் தோண்டிகளுக்குக் காணாமல் போன மகன் என்றால் கொள்ளை ஆசை. அவன் வழியில் நிற்கிற காலி வண்டி மாதிரி. யார் வேண்டுமானாலும் ஏறி உட்காரலாம். வாத்தியார் ஏறி உட்கார்ந்தார். தன் தாத்தாதான் அந்த இரண்டாவது மகன். இல்லையென்றால் சாகும் வரைக்கும் தன் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருப்பாரா? தாத்தா எதைப் பற்றியுமே ஒரு வார்த்தை பேசியதில்லை என்று மனைவி நினைவூட்டினார். அதெல்லாம் ஆராய்ச்சியில் சேராது.

டிரைவிங் கற்க வந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து, கிளட்சை மிதிங்க, தரகருக்கு அப்ப முப்பத்தொண்ணு வயசு, ரெண்டாவது கியர் போடுங்க, ரெண்டாவது பையன் பிறந்துட்டான் என்று பாடம் நடத்துவார். தினமும் ஒரே பாதை: ஸ்கூலிலிருந்து நூலகம், நூலகத்திலிருந்து கல்லறைத் தோட்டம், அங்கிருந்து ஆவண அறை, திரும்ப ஸ்கூல். எல்லாத் திருப்பமும் இடது பக்கம். பேக்கரி வைத்திருந்த அம்மா ஒருவர் முப்பத்தெட்டுப் பாடம் முடித்துவிட்டு டெஸ்டுக்குப் போனார். வலது பக்கம் திருப்பச் சொன்னார்கள். அந்த அம்மா அப்படி ஒரு திசை இருப்பதையே அன்றைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி விழித்தார். தோற்றுப் போய்த் திரும்பவும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். ஆனால் தரகரின் மூன்று மகன்களும் எந்தெந்தத் தேதியில் பிறந்தார்கள் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்.

வீட்டிலோ சாப்பாட்டு மேசை பறிபோயிருந்தது. பதினொரு தாள்களை ஒட்டி வரைந்த வம்ச வரைபடம் அதன் மேல் நிரந்தரமாகப் படுத்திருந்தது. உச்சியில் தரகர், கோட்டும் டையுமாக. வீட்டார் இரண்டு வருஷமாக மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டார்கள். மனைவி ஒருநாள் பூதக்கண்ணாடியை எடுத்து வரைபடத்தின் அடிப்பாகத்தில் தன்னைத் தேடினார். மற்றவர்களுக்கெல்லாம் நேர்க்கோடு, தனக்கு மட்டும் புள்ளிக்கோடு.

"என்னை மட்டும் ஏங்க புள்ளி புள்ளியா போட்டிருக்கீங்க?"

"நம்ம கல்யாணச் சான்றிதழ் கிடைக்கல. ஆதாரம் இல்லாம கோடு போடக் கூடாது."

"அப்ப நானும் ஆதாரம் இல்லாம சோறு போடக் கூடாதுதானே?"

அன்றைக்கு மத்தியானம் வாத்தியார் பேக்கரி அம்மாவின் கடையில் பன் தின்றார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில்தான் மகளின் கல்யாணம் வந்தது. மகள் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த ஒரு பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பையனுக்கும் பிடித்திருந்தது. நல்ல பையன், அடக்கமான பையன், பேசுவதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் பையன். இரண்டு வீட்டாரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாத்தியார் வீட்டில் சந்தித்துப் பேசுவது என்று முடிவாயிற்று. மகள் அப்பாவிடம் கேட்டது ஒன்றே ஒன்று. அவர்கள் இருக்கும் வரைக்கும் தரகர் பேச்சை எடுக்கக் கூடாது. வாத்தியார் சத்தியம் செய்தார். வரைபடத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில்கூட வைத்தார்.

பத்தொன்பது நிமிஷம் சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுவரைக்கும் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்பது அவர் கழுத்து நரம்பைப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆச்சரியம் என்னவென்றால், எதிரே உட்கார்ந்திருந்த பையனின் அப்பா, ரிடையர் ஆன தபால்காரர், அவர் கழுத்திலும் அதே நரம்பு. உதட்டை இறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை தும்மினார். வாத்தியாரும் தும்மினார். இருவரும் ஒருவர் விரல் நுனியை ஒருவர் பார்த்தார்கள்.

வாத்தியாரின் மனைவி, ஜன்னலோரத் தொட்டியில் இருந்த ரோஜா இந்த வருஷம் பூக்கவே இல்லை என்று பேச்சுக்குச் சொன்னார். தபால்காரரால் அதற்கு மேல் முடியவில்லை.

"ரோஜா எங்க ரத்தத்துலயே இருக்குங்க. எங்க கொள்ளுத் தாத்தா மலர்க் கண்காட்சியில ரெண்டாவது பரிசு வாங்கினவர்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த வாத்தியாரின் கை பாதி வழியில் நின்றது. எந்த வருஷம் என்று கேட்டார். தபால்காரர் சொன்னார். தொழில் என்ன என்று கேட்டார். தபால்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்.

"பங்குத் தரகர்."

வாத்தியார் எழுந்து நின்றார். விளக்கில்லாத சைக்கிள் என்று இவர் தொடங்க, அபராதம் என்று அவர் முடித்தார். நாய்கள் என்று அவர் தொடங்க, ஏழு கடிதம் என்று இவர் முடித்தார். தபால்காரர் தரகரின் மூன்றாவது மகன் வழி. வாத்தியார் இரண்டாவது மகன் வழி. இரண்டு பேரும் மேசையைச் சுற்றி ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பங்காளி என்று இவர் அழ, பங்காளி என்று அவர் அழ, கட்டிலுக்கு அடியிலிருந்து வரைபடம் வந்தது, தபால்காரரின் பையிலிருந்து இன்னொரு வரைபடம் வந்தது, சாப்பாட்டுப் பாத்திரங்களைத் தள்ளிவிட்டு இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தார்கள். அப்படியே பொருந்தியது. உலகத்தில் அந்த நிமிஷம் அவர்களைப் போல சந்தோஷமான இரண்டு பேர் இருந்திருக்க மாட்டார்கள்.

வாத்தியாரின் மனைவி மட்டும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நீங்க ரெண்டு பேரும் பங்காளின்னா, உங்களுக்கு அண்ணன் தம்பி முறை. அப்ப இந்தப் பையன் நம்ம பொண்ணுக்கு என்ன வேணும்?"

பையன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தான்.

"அண்ணன் வேணும்" என்றார் பையனின் அம்மா. கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

எத்தனையோ தலைமுறைக்கு முந்தின சொந்தம், அதெல்லாம் ஒன்றுமில்லை என்று மகள் சொல்லிப் பார்த்தாள். ஆனால் வார்த்தை வெளியே வந்துவிட்டது. அண்ணன் என்று ஒருமுறை சொன்ன பிறகு அந்தப் பையன் முகத்தைப் பார்க்க அவளுக்கே ஒரு மாதிரியாக இருந்தது. பையனின் அம்மா எழுந்து செருப்பைத் தேடினார். தனக்கு இந்தப் பெண்ணை ரொம்பப் பிடித்திருப்பதாகவும், ஆனால் தங்கச்சியை மருமகளாக்கிக்கொள்ளத் தன்னால் முடியாது என்றும், இரண்டு ஆண்பிள்ளைகளில் யாராவது ஒருவர் அந்தச் செத்துப் போன மனிதரை விட்டுவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து சொல்லட்டும் என்றும், வெறும் வாயால் சொன்னால் போதாது, ஆதாரத்தோடு சொல்ல வேண்டும் என்றும் சொல்லிவிட்டுப் போனார். முப்பது வருஷம் ஒரு வம்சம் தோண்டியோடு வாழ்ந்த பெண். ஆதாரம் என்ற வார்த்தையின் அருமை தெரிந்தவர்.

அவர்கள் போன பிறகு மகள் அப்பாவின் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அழவில்லை. அதுதான் வாத்தியாருக்குப் பயமாக இருந்தது.

"அப்பா, எனக்கு அவனை விட்டா வேற யாரும் வேண்டாம். உங்களுக்கு அந்தத் தரகர் வேணுமா, என் கல்யாணம் வேணுமா, ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க. அப்புறம் நான் எதுவும் கேக்க மாட்டேன்."

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? உடனே தரகரைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பீர்கள். அதனால்தான் நீங்கள் அந்த இனம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். வாத்தியாருக்கு மகள் உயிர். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அவர் யோசித்த யோசனை வேறு: தபால்காரர் விட்டுக்கொடுத்தால் போதுமே.

அந்தப் பக்கம் தபால்காரரும் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை நூலக வாசல் பெஞ்சில் இரண்டு பேரும் சந்தித்தார்கள். மரியாதைக்கு ஒன்றும் குறைச்சலில்லை. நீங்கள் பெரிய மனசு பண்ண வேண்டும் என்று இவர் சொல்ல, அந்தப் பெரிய மனசு உங்களிடம்தான் இருக்கிறது என்று அவர் சொல்ல, இரண்டு மணி நேரம் ஆளுக்கு ஆள் புகழ்ந்துகொண்டார்கள். வாத்தியார் ஒரு சமரசம் சொன்னார். தபால்காரர் மூத்த மகன் வழி என்று மாற்றிக்கொள்ளக் கூடாதா? அவர் சாமியார் ஆனவர், கல்யாணமே ஆகாதவர் என்றார் தபால்காரர். சாமியாருக்குள்ளும் ஒரு மனுஷன் இருப்பான் இல்லையா என்றார் வாத்தியார். தபால்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். பழைய பத்திரிகையில் வந்த கால்பந்துக் குழுவின் படம். இடமிருந்து வலம் நான்காவது ஆள் தரகரின் மூன்றாவது மகன் என்று கீழே போட்டிருந்தது.

"என் தாத்தாவோட முகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா காது தெரியும். இதப் பாருங்க. இப்ப என் காதைப் பாருங்க."

வாத்தியார் பார்த்தார். இரண்டும் கார்க் கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தன. இந்தக் காதை ஜெயிக்கத் தன்னிடம் வலுவான ஆதாரம் வேண்டும் என்று மட்டும் அவருக்குப் புரிந்தது.

வியாழக்கிழமை பேக்கரி அம்மாவுக்குப் பாடம். வழக்கமான பாதையில் வழக்கமான இடது திருப்பங்களோடு ஆவண அறைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த அம்மாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு வாத்தியார் உள்ளே போய், தாத்தாவின் பதிவேட்டை மறுபடி கேட்டார். கரையான் தின்ற இடத்தைச் சூரிய வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு எழுத்தாவது தெரியாதா என்ற நப்பாசை. தெரியவில்லை. கண் வலித்தது. வலித்த கண் தானாக ஒரு வரி மேலே போயிற்று.

இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வாத்தியார் அடுத்தவர் வரியைப் படித்தார்.

மேல் வரியில் ஒரு பெண் குழந்தை. பிறந்த இடம், அதே தெரு, எண் 17. தகப்பன், செருப்புத் தைப்பவர். அதற்கு மேல் வரியில் ஒரு ஆண் குழந்தை. எண் 17. தகப்பன், சுண்ணாம்பு அடிப்பவர். கீழ் வரியில் இரட்டைக் குழந்தைகள். எண் 17. வாத்தியார் பக்கத்தைத் திருப்பினார். எண் 17. எண் 17. எண் 17. அடுத்த பக்கம். எண் 17. அவர் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, முன்பின் வருஷப் பதிவேடுகளையும் கேட்டு வாங்கி, ஒழுங்காக, ஒவ்வொரு வரியாக எண்ணினார். ஒன்பது வருஷத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகள். வாத்தியாரின் கணக்குப்படி எல்லாம் தரகருடையது என்றால், மனிதருக்குப் பங்கு விற்கவோ, ரோஜா வளர்க்கவோ, நாய்களைப் பற்றி எழுதவோ நேரம் எங்கே இருந்திருக்கும்?

குமாஸ்தாவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"அது பிரசவ வீடுங்க" என்றார் குமாஸ்தா. "முன்கட்டுல யாரோ தரகர் இருந்தாராம். பின்கட்டை ஒரு மருத்துவச்சிக்கு வாடகைக்கு விட்டிருந்தாங்க. அந்தப் பக்கத்து ஜனங்க பாதிப் பேரு அங்கதான் பிறந்திருக்காங்க."

"இதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க ரெண்டு வருஷமா ஒரே வரியைப் பாத்துக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருந்தீங்க. நடுவுல வந்து நான் என்னத்தைச் சொல்றது?"

வாத்தியார் காருக்கு வந்து உட்கார்ந்தார். தரகருக்கு என்ன வயது என்றுகூடச் சொல்லவில்லை. பேக்கரி அம்மாவுக்குக் கலவரமாகிவிட்டது. உடம்புக்கு ஏதாவதா, யாராவது செத்துப்போய்விட்டார்களா என்று கேட்டார். ஒருவர் செத்துப்போய்விட்டதாக வாத்தியார் சொன்னார். எப்போது என்று கேட்டதற்கு, இப்போதுதான் என்றார். வீட்டுக்குப் போக வேண்டும், நேர்வழி வலது பக்கம் என்றார். அந்த அம்மா ஆண்டவனை வேண்டிக்கொண்டு வலது பக்கம் திருப்பினார். கார் திரும்பியது. அவருடைய சந்தோஷத்தைப் பார்க்கக்கூட வாத்தியாருக்குத் தெம்பில்லை.

இனிமேல்தான் சங்கடம். இந்த விஷயம் தெரிந்தவர் உலகத்திலேயே மூன்று பேர்: வாத்தியார், குமாஸ்தா, கரையான். மற்ற இரண்டு பேரும் வாய் திறக்கப் போவதில்லை. பேசாமல் இருந்தால் தபால்காரர் பயந்து விட்டுக்கொடுத்தாலும் கொடுக்கலாம், தரகர் தங்கலாம். விட்டுக்கொடுக்காவிட்டால் கல்யாணம் போகும். வெள்ளிக்கிழமை பேசாமல் இருந்தார். சனிக்கிழமையும் பேசாமல் இருந்தார். சனிக்கிழமை சாயங்காலம் மகள் கல்யாணத்துக்கென்று எடுத்து வைத்திருந்த புதுத் துணியை மடித்து, கடைப் பையிலேயே திரும்பப் போட்டு, ரசீதையும் உள்ளே வைத்ததைக் கதவிடுக்கில் பார்த்தார். அப்புறமும் பேசவில்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் முதல் முறையாக, பூதக்கண்ணாடியை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டுப் படுக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்தார்கள். யாரும் உட்காருவதற்குள் வாத்தியார் எழுந்து நின்றார். பதிவேட்டின் நான்கு பக்கங்களுக்கு நகல் எடுத்து வைத்திருந்தார். அவற்றைப் பையனின் அம்மாவிடம் நீட்டினார்.

"அந்த வீட்டுப் பின்கட்டுல மருத்துவச்சி இருந்தாங்க. எங்க தாத்தா அங்க பிறந்திருக்காரு, அவ்வளவுதான். அவரோட அப்பா யாருன்னு எனக்குத் தெரியாது. செருப்புத் தைக்கிறவரா இருக்கலாம். யாரா வேணா இருக்கலாம். தரகர் இல்ல. தரகர் எங்களுக்கு யாரும் இல்லைங்க."

சொன்ன பிறகுதான் மகள் பக்கம் திரும்பினார். அவள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி எழுந்து போய் அவருக்கு மட்டும் முதலில் ஒரு டம்ளர் டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார். இருபத்தெட்டு வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

தபால்காரரின் கை தன் சட்டைப் பைக்குப் போயிருந்தது. ஏதோ ஒரு மடித்த தாள் பாதி வெளியே வந்திருந்தது. வாத்தியார் பேசி முடித்ததும் அந்தத் தாள் மெதுவாகத் திரும்ப உள்ளே போனது. தபால்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மனசைத் தளர விடாதீங்க சம்பந்தி. எங்க தரகரை ரெண்டு வருஷம் உங்க சொந்தம் மாதிரி பாத்துக்கிட்டீங்க. அது போதும் எங்களுக்கு."

கல்யாணம் நடந்தது. சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளை, மாமனாரைத் தனியாகக் கூப்பிட்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். மனசு உறுத்துவதாகச் சொன்னான். அந்தக் கால்பந்துப் படத்தில் நான்காவது ஆள் என்று போட்டிருந்தது உட்கார்ந்திருப்பவர்கள் வரிசையில். அப்பா நிற்பவர்கள் வரிசையில் எண்ணிவிட்டார். அந்தக் காது தரகர் மகனுடையது இல்லை, கோல்கீப்பருடையது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்லத்தான் அப்பா தாளும் கையுமாக வந்தார். "நீங்க முந்திக்கிட்டீங்க மாமா" என்றான்.

வாத்தியார் மண்டபத்தின் மறுகோடியைப் பார்த்தார். அங்கே தபால்காரர் ஒரு கூட்டத்துக்கு நடுவில் நின்று, ஒரு கையில் படத்தையும் மறு கையில் தன் காதையும் பிடித்துக்கொண்டு விளக்கிக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர் சந்தேகமாகத் தலையை ஆட்டினார். வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நேராகக் கூட்டத்துக்குள் போனார். பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தைப் பார்த்தார், சம்பந்தியின் காதைப் பார்த்தார்.

"அச்சு அசலா அதேதாங்க" என்றார். "சந்தேகமே வேண்டாம்."

தபால்காரர் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்ததும் தன் இலையிலிருந்த இனிப்பை எடுத்துச் சம்பந்திக்குக் கொடுத்தார்.

இத்தோடு வாத்தியாருக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைக்கிறீர்களா? பதினொரு நாள் வந்திருந்தது. குடும்பம் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டது. பன்னிரண்டாம் நாள் ஒரு நீளமான பட்டியல் வந்து மேசையில் படுத்துக்கொண்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வரி. ஒரே அறையில் பிறந்தவர்கள், ஒரே பெண்மணியின் கை முதலில் தொட்டவர்கள், அவர்கள் சொந்தம் இல்லையென்றால் வேறு யார் சொந்தம் என்று வாத்தியார் கேட்கிறார். மனைவி, தன் புள்ளிக்கோட்டை நேர்க்கோடாக மாற்றினால்தான் மேசை என்றார், வாத்தியாரும் மாற்றிக் கொடுத்துவிட்டார். இப்போது ஒவ்வொரு வரியாக அவர்களுடைய பேரன் பேத்திகளைத் தேடிக்கொண்டு போகிறார். பத்தொன்பது பேர் அகப்பட்டிருக்கிறார்கள். அவர்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடப்பதால் டிரைவிங் மாணவர்களுக்கு எல்லாத் திசையும் பழகிவிட்டது. பேக்கரி அம்மா டெஸ்டில் பாஸ். ஆனால் தன் பாட்டி எங்கே பிறந்தார் என்று எவ்வளவு கேட்டாலும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார். விவரமான பெண்மணி.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் சொல்லுங்கள். உங்கள் தாத்தா எந்த வீட்டில் பிறந்தார்? தெரியாதா? அவருடைய அப்பா என்ன வேலை பார்த்தார்? அதுவும் தெரியாதா? இப்போது உங்கள் நெற்றி லேசாகச் சுருங்கியிருக்குமே. பெரியத்தைக்குத் தெரிந்திருக்கும் என்று ஒரு நினைப்பு வந்திருக்குமே. அவருக்கும் வயதாகிறது, இப்போது கேட்காவிட்டால் எப்போது கேட்பது, ஒரே ஒரு கேள்விதானே, சும்மா தெரிந்துகொள்ளத்தானே என்று தோன்றியிருக்குமே.

தோன்றவில்லையா? ரொம்ப நல்லது. அப்படியென்றால் கையிலிருக்கும் போனைக் கீழே வையுங்கள்.